வீட்டிலேயே மழலையர் பள்ளி: விளையாட்டு வழியே வாசிப்புக் கற்றுக் கொடுப்பது எப்படி?

நமது மஹல்லாக்களில் நன்றாகப் படித்துவிட்டு வீட்டோடு இருக்கும் சகோதரிகள் பலர் உண்டு. ஆலிமா பட்டம் பெற்றவர்கள், பி.எட். முடித்தவர்கள், ஆசிரியர் பயிற்சி பெற்றும் வெளியூர் சென்று வேலை பார்க்க இயலாதவர்கள் என்று அவர்களில் பல வகையினர். அதே தெருவில், மூன்று வயதுப் பிள்ளையைக் காலை எட்டு மணிக்கு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, அது கொண்டுவரும் வீட்டுப்பாட நோட்டைப் பார்த்துத் திகைக்கும் தாய்மார்களும் உண்டு. இந்த இரு தரப்பின் தேவையையும் ஒரே இடத்தில் நிறைவேற்றக் கூடியதுதான் வீட்டிலேயே நடத்தும் மழலையர் பள்ளி.

ஆனால் வீட்டில் நடப்பதாலேயே அது நல்ல பள்ளி ஆகிவிடாது. வெளியே நடக்கும் அதே மனப்பாடமும் அதே நோட்டும் வீட்டுக்குள் வந்தால் பிள்ளைக்கு மிச்சமாவது வேன் பயணம் மட்டுமே. ஆகவே எதைக் கற்றுக் கொடுப்பது, எந்த வரிசையில் கற்றுக் கொடுப்பது, இடத்தையும் பாதுகாப்பையும் எப்படி அமைப்பது, பெற்றோரிடம் எதைப் பேசி முடிப்பது ஆகிய நான்கையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு

சுவரில் தொங்கும் உயிரெழுத்து அட்டவணையை ஒரு பிள்ளை தடங்கலின்றிச் சொல்லும். நடுவில் உள்ள 'ஊ'வை மட்டும் தொட்டு, இது என்ன எழுத்து என்று கேட்டால், மறுபடியும் 'அ'விலிருந்து தொடங்கி வந்துதான் அந்த எழுத்தை அடையும். மக்தபில் ஓதிக் கொடுக்கும் எவருக்கும் இது பழகிய காட்சிதான். காயிதாவின் முதல் பக்கத்தை ராகத்தோடு ஓதும் பிள்ளை, அடுத்த பக்கத்தில் எழுத்துகள் இடம் மாறி வந்ததும் நின்றுவிடும். பிள்ளைக்கு அறிவு குறைவு என்பது இதன் பொருளல்ல. அதற்கு ராகம் தெரியும், எழுத்து இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

வாசிப்பு என்பது மூன்று காரியங்கள் சேர்ந்தது. பேச்சில் உள்ள ஓசைகளைப் பிரித்துக் கேட்பது முதலாவது. ஒவ்வோர் ஓசைக்கும் உரிய வடிவத்தை அடையாளம் காண்பது இரண்டாவது. அவற்றைச் சேர்த்துச் சொல்லாக்கி, அந்தச் சொல்லின் பொருளை உணர்வது மூன்றாவது. பெரும்பாலான இடங்களில் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்குகிறார்கள். மூன்றாவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இதன் விளைவு பெரிய வகுப்புகளில் தெரிகிறது. இந்தியக் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சென்று அளக்கும் ஏசர் ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் படிப்போரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம்தான். தமிழ்நாடு அரசும் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தை ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்குக் கொண்டு வந்தது. எட்டு வயதுக்குள் பிள்ளை புரிந்து வாசிக்க வேண்டும் என்பதே அதன் இலக்கு.

மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கணக்கு, அறிவியல் என எந்தப் பாடமும் விளங்காது. 'மந்தம்' என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பட்டத்தைச் சுமந்தபடி எட்டாவதிலோ பத்தாவதிலோ படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வேலைக்குப் போகும் பையன்களை நம் தெருக்களில் பார்க்கிறோம். நான்கு வயதில் போடும் அடித்தளம் சிறிய விஷயமல்ல என்பது இதனால்தான்.

விளையாட்டு என்றால் நேரத்தை வீணாக்குவதா?

'பணம் கொடுத்து அனுப்பினால் அங்கே போயும் விளையாட்டா?' என்று பெற்றோர் கேட்பார்கள். இதற்கான பதிலை நடத்துபவர் தெளிவாக வைத்திருக்க வேண்டும்.

இந்த வயதுப் பிள்ளை கையால் தொட்டும், காதால் கேட்டும், திரும்பத் திரும்பச் செய்தும்தான் கற்கிறது. ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1840-ல் தமது பள்ளிக்கு 'குழந்தைகளின் தோட்டம்' என்ற பொருளில் கிண்டர்கார்டன் எனப் பெயரிட்டது இந்த அடிப்படையில்தான். மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஓர் அறையில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக்கொண்டே அவற்றின் ஓசையைச் சொன்னார்கள். அவரே 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இந்தியாவில் 2022-ல் வெளியான, மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்விக்குரிய தேசியக் கலைத்திட்டமும் விளையாட்டையே மையமாக வைக்கிறது.

நமது மார்க்க வழிமுறையிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் ஒரு குருவி வளர்த்தார். நபி (ஸல்) அவர்கள் அவரைக் காணும்போது அந்தக் குருவியைப் பற்றி விளையாட்டாக விசாரிப்பார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அவர்கள் பயன்படுத்திய 'உமைர்', 'நுஃகைர்' என்ற இரு சொற்களும் ஓசை ஒத்தவை. ஒரு சிறுவனோடு அவனுடைய உலகத்தில் இறங்கி, ஓசை நயத்தோடு பேசிய பேச்சு அது. ஆயிஷா (ரலி) அவர்கள் தோழிகளோடு பொம்மை வைத்து விளையாடியதும் ஹதீஸில் உள்ளது. தொழுகையைக் கூட ஏழு வயதில்தான் பிள்ளைக்கு ஏவச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையை நான்கு பக்கம் எழுது என்று உட்கார வைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இடம், எண்ணிக்கை, அனுமதி

தரைத்தளத்தில் காற்றும் வெளிச்சமும் உள்ள ஓர் அறை, அதை ஒட்டி ஒரு திண்ணையோ முற்றமோ போதும். பிள்ளைகள் கையை நீட்டிச் சுற்றினால் பக்கத்தில் இருப்பவர் மேல் படாத அளவு இடம் இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்தரை வயது வரையிலான ஆறு பிள்ளைகளோடு தொடங்குங்கள். ஓராண்டு நடத்திப் பழகிய பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம். பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம் வீட்டில் பெரியவர்கள் இருவர் இருந்தே ஆக வேண்டும். ஒருவர் கழிவறைக்கு ஒரு பிள்ளையை அழைத்துப் போனால் மற்றப் பிள்ளைகள் தனியே இருக்கக் கூடாது.

தெரிந்த இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் வந்து விளையாடிவிட்டுப் போவது ஒன்று. பெயர்ப்பலகை வைத்து, சேர்க்கை நடத்தி, கட்டணம் வாங்குவது வேறு. தமிழ்நாட்டில் விளையாட்டுப் பள்ளிகளுக்கென 2015-ல் தனி விதித்தொகுப்பு கொண்டு வரப்பட்டது. அங்கீகாரம் பெற்றே அவற்றை நடத்த வேண்டும். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை பள்ளி நடத்தக் கேட்கப்படும் முக்கிய ஆவணங்கள். பலகை அடிக்கும் முன்பே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குச் சென்று, உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் சம்பிரதாயம் என்று நினைக்கக் கூடாது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் கூடத்தில் பற்றிய தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். ஓலைக் கூரையும், நெருக்கமான அறைகளும், வெளியேற முடியாத வழியும்தான் அத்தனை உயிர்களைக் கொண்டுபோயின. ஆகவே உங்கள் வீட்டை ஒரு முறை முழங்கால் போட்டு, பிள்ளையின் உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். சமையலறைக்குத் தடுப்பு, மாடிப்படிக்குக் கதவு, தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டுடன் கூடிய மூடி, பிளக் பாயிண்டுகளுக்கு அடைப்பு, பினாயிலும் மாத்திரையும் எட்டாத உயரத்தில், தெருக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் ஆகிய அனைத்தும் முதல் பிள்ளை வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நீர் நிரம்பிய சாதாரண வாளி கூடச் சிறு பிள்ளைக்கு ஆபத்துதான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பள்ளி நேரத்தில் வீட்டு ஆண்களோ, விருந்தாளிகளோ, வேலைக்கு வருபவர்களோ பிள்ளைகள் இருக்கும் பகுதிக்குத் தனியே வரக் கூடாது. பிள்ளையை அழைத்துப் போக யார் யார் வரலாம் என்று தாயிடம் எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவர் நெருங்கிய உறவினராக இருந்தாலும் தாயிடம் போனில் கேட்காமல் அனுப்பாதீர்கள். இது சந்தேகப் புத்தி அல்ல; ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் காக்கும் முறை.

ஒரு காலைப் பொழுது

இரண்டரை மணி நேரம் போதும். கீழே உள்ளது ஒரு மாதிரி அட்டவணை.

9.30 முதல் 9.50 வரை: ஸலாம் சொல்லி வரவேற்பு. தன் பெயர் அட்டையை எடுத்து மாட்டுதல், விருப்பமான விளையாட்டு.

9.50 முதல் 10.10 வரை: வட்டமாக அமர்ந்து துஆ, பாடல், நேற்று நடந்ததைப் பேசுதல்.

10.10 முதல் 10.25 வரை: ஓசை விளையாட்டு.

10.25 முதல் 10.45 வரை: கை கழுவுதல், தின்பண்டம், தண்ணீர்.

10.45 முதல் 11.15 வரை: முற்றத்தில் ஓடி ஆடுதல், மண், தண்ணீர், பந்து.

11.15 முதல் 11.35 வரை: மூலை விளையாட்டு. எழுத்து மூலை, கடை மூலை, கட்டைகள் அடுக்கும் மூலை.

11.35 முதல் 12.00 வரை: கதை, விடைபெறுதல்.

எந்த ஒரு நிகழ்வும் பிள்ளையை இருபது நிமிடங்களுக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கதை நேரத்தில் கூடப் படுத்துக்கொண்டு கேட்கலாம்.

முதல் படி: காதைத் திறப்பது

முதல் இரண்டு மாதங்களில் எழுத்தே வேண்டாம். காதுக்கு மட்டும் வேலை கொடுங்கள்.

கைதட்டல் விளையாட்டு: பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை அசை பிரித்துக் கைதட்டிச் சொல்லுங்கள். 'மீன்' என்றால் ஒரு தட்டு. 'தொப்-பி' இரண்டு. 'இ-டி-யாப்-பம்' நான்கு. 'பி-ரி-யா-ணி'யும் நான்குதான். எந்தச் சாப்பாட்டுக்கு அதிகத் தட்டு என்று பிள்ளைகளே தேட ஆரம்பிப்பார்கள்.

ஓசைப் பை: ஒரு துணிப் பைக்குள் மணி, மஞ்சள், மயிலிறகு போடுங்கள். பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லட்டும். எல்லாம் எந்த ஓசையில் தொடங்குகிறது என்று கேளுங்கள். அடுத்த வாரம் கரண்டி, கயிறு, கல். பிறகு இரண்டு 'ம'வுக்கு நடுவில் ஒரு கரண்டியைப் போட்டு, 'இந்த வீட்டுக்கு யார் விருந்தாளி?' என்று கேட்கலாம்.

ரகசியப் பேச்சு: நீங்கள் ஓசைகளை விட்டு விட்டுச் சொல்லுங்கள்: 'ப... ட... ம்'. பிள்ளை சேர்த்து 'படம்' என்று சொல்ல வேண்டும். வாசிப்பின் உயிர்நாடி இதுதான். எழுத்தே பார்க்காமல் இதைச் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு, பிற்பாடு எழுத்தைக் காட்டும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

இவை எதற்கும் செலவில்லை. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே தாயும் விளையாடலாம். இதைத் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் உங்கள் பணியில் சேர்ந்தது.

இரண்டாம் படி: பிள்ளையின் பெயர்

பிள்ளை முதலில் ஆசையோடு வாசிக்க விரும்புவது தன் பெயரைத்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் கெட்டி அட்டையில் பெரிதாகப் பெயர் எழுதி, செருப்பு வைக்கும் இடத்திலும், பை மாட்டும் ஆணியிலும், டம்ளர் வைக்கும் தட்டிலும் ஒட்டுங்கள். காலையில் வந்ததும் தன் அட்டையைத் தேடி எடுத்து மாட்டுவதே வருகைப் பதிவு.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி விஷயம் உண்டு. பள்ளிப் பாடநூல்களில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகள் தாமதமாகவே வரும். ஆனால் ஆயிஷா, ஹஸன், ஜமீலா, ஸுமையா என்று நம் பிள்ளைகளின் பெயர்களிலேயே அவை இருக்கின்றன. ஃபாத்திமாவுக்கு ஆய்த எழுத்து முதல் நாளே அறிமுகமாகிவிடுகிறது. ஆகவே இவற்றைக் கடினம் என்று தள்ளி வைக்காமல், 'இது ஆயிஷாவின் ஷ', 'இது ஹஸனின் ஹ' என்று பெயரோடு சேர்த்துக் காட்டிவிடுங்கள். பிள்ளை தன் எழுத்தை மருந்துக் கடைப் பலகையிலும் திருமண அழைப்பிதழிலும் கண்டு கூவும் நாள் வரும். பிள்ளை வாசிப்புக்குள் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

மூன்றாம் படி: எழுத்துகளின் வரிசை

தமிழில் 247 எழுத்துகள் என்று சொல்லிப் பிள்ளையையும் பெற்றோரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. உயிர்மெய் 216-ம் பெரும்பாலும் சில குறிகள் மாறி மாறிச் சேர்வதால் உருவாவதுதான். உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

'அ'விலிருந்து 'ஔ' வரை முடித்துவிட்டுத்தான் 'க'வுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அகர வரிசை அகராதி பார்க்க உதவும். வாசிக்கத் தொடங்குவதற்கு வடிவம் எளிதாகவும், உடனே சொல் உருவாகக் கூடியதாகவும் உள்ள எழுத்துகளே ஏற்றவை.

முதல் தொகுதியாக ட, ப, ம மூன்றையும், புள்ளி வைத்த ட், ம் இரண்டையும் எடுத்துக்கொண்டால் படம், மடம், பட்டம் ஆகிய சொற்களை முதல் மாதத்திலேயே பிள்ளை வாசித்துவிடும். அடுத்து க, ர, ல சேர்த்தால் மரம், கடல், கல், பல், பகல், பக்கம். அதன்பின் அ, ஆ வந்தால் அப்பம், ஆலமரம். ழ, ந, த, ய சேர்ந்தால் பழம், நகம், தடம், பயம். ஒரு வாரத்துக்கு இரண்டு எழுத்து போதும். பழைய எழுத்துகளைக் கொண்டு சொல் வாசிக்க வராத வரை புதிய எழுத்து வேண்டாம்.

பிறகு துணைக்கால். ஒரு ஐஸ் குச்சியை எடுத்து அதுதான் கால் என்று சொல்லுங்கள். 'பல்' என்ற அட்டையில் 'ப'வுக்குப் பக்கத்தில் வைத்தால் 'பால்'. 'கல்'லில் வைத்தால் 'கால்'. 'படம்' 'பாடம்' ஆகிறது. 'மடம்' 'மாடம்' ஆகிறது. பிள்ளைகளுக்கு இது மந்திரம் போலத் தோன்றும். அடுத்து இகரக் குறி: படி, மடி, கரடி, மாமி, பாட்டி. 'ெ' போன்ற கொம்புகளை அவசரப்பட்டுக் கொண்டுவராதீர்கள். எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசையில் பின்னால் வருகிறது. ஐந்து வயதுக்கு மேல்தான் இது குழப்பமின்றிப் பிடிபடும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, எழுத்தை 'மானா', 'இம்மன்னா' என்று பெயரால் சொல்லாமல் 'ம', 'ம்' என்று ஓசையாலேயே சொல்லுங்கள். 'பானா டானா இம்மன்னா' என்று சேர்த்தால் 'படம்' வராது. இரண்டு, தமிழில் ஓர் எழுத்தே இடத்துக்கேற்ப ஓசை மாறும். 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் உள்ள 'க' ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. பிள்ளை தடுமாறினால் திட்டாமல் சரியான உச்சரிப்பைச் சொல்லிவிட்டு நகருங்கள். பேச்சு வழக்கே அதைத் திருத்திவிடும்.

எழுத்து விளையாட்டுகளுக்கு வீட்டுப் பொருள்களே போதும். தாம்பாளத்தில் மணல் பரப்பி விரலால் எழுதலாம். அரிசியைப் பயன்படுத்தச் சிலர் சொல்வார்கள். உணவுப் பொருளைக் காலில் மிதிபட விடுவதை விட மணலே நல்லது. முற்றத்தில் பாண்டிக் கட்டம் வரைந்து ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து எழுதி, அதைச் சொல்லிக்கொண்டே நொண்டி அடிக்கலாம். காலியான பிஸ்கட், உப்பு, டீத்தூள் பாக்கெட்டுகளை அடுக்கினால் கடை தயார். ஒருவர் சீட்டைப் பார்த்துச் சாமான் கேட்க, மற்றவர் எடுத்துக் கொடுப்பார்.

கதை நேரம்

ஓசையும் எழுத்தும் தெரிந்தாலும் சொல்வளம் இல்லாவிட்டால் வாசிப்பு வெறும் சத்தமாகவே நின்றுவிடும். அந்தச் சொல்வளத்தைக் கொடுப்பது கதை. ஒரு நாள் கூடக் கதை இல்லாமல் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் படம் தெரியும்படி புத்தகத்தைப் பிடித்து, வாசிக்கும் வரியின் கீழே விரலை ஓட்டுங்கள். தொடங்கும் முன் அட்டையைக் காட்டி என்ன நடக்கும் என்று கேளுங்கள். நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன செய்வான் என்று கேளுங்கள். முடிந்ததும் பிள்ளையே படத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஒரே கதையைப் பத்து நாள் கேட்டாலும் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது சலிப்பல்ல, பயிற்சி.

சென்னையைச் சேர்ந்த தூளிகா பதிப்பகம், நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் ஆகியவை சிறுவர்க்குத் தமிழில் படப் புத்தகங்கள் வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். நபிமார்களின் வரலாறுகளை உருவப் படம் இல்லாமலேயே சொல்லலாம். சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில் எறும்பும் ஹுத்ஹுத் பறவையும், யூனுஸ் (அலை) அவர்களின் வரலாற்றில் மீனும் வருகின்றன. துணியால் செய்த ஒரு மீன் இருந்தால் பிள்ளைகள் கண் இமைக்காமல் கேட்பார்கள்.

அரபியும் ஆங்கிலமும்

நம் பிள்ளைகள் மூன்று எழுத்து முறைகளைக் கற்க வேண்டியவர்கள். இது சுமையாகாமல் இருக்கச் சில ஒழுங்குகள் வேண்டும்.

குர்ஆனின் சிறு சூராக்களையும் துஆக்களையும் காதால் கேட்டு ஓதுவது முதல் நாளிலிருந்தே நடக்கலாம். அது எழுத்தைச் சார்ந்ததல்ல. அரபி எழுத்துகளைத் தமிழில் ஒரு தொகுதி நிலைத்த பிறகு தொடங்குங்கள். ஒரே நாளில் இரண்டு மொழிகளிலும் புதிய எழுத்து கூடாது. அரபிக்குத் தனி நிற அட்டை, தனி மூலை வையுங்கள். தமிழ் இடமிருந்து வலம், அரபி வலமிருந்து இடம் என்பதால், அரபி அட்டையின் வலது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்து, 'இங்கிருந்து வண்டி கிளம்புகிறது' என்று சொன்னால் போதும். பா, தா, ஸா மூன்றும் ஒரே தொட்டில் வடிவம். கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று. பொட்டு வைத்து விளையாடினால் அரை மணியில் பிடிபடும் விஷயம் இது.

எழுத்து வேறு, மொழி வேறு என்பது நம் முன்னோருக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார் பலர் அரபுத் தமிழில், அதாவது தமிழையே அரபி எழுத்தில், எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவர்களாக இருந்தார்கள். ஓசையை எழுத்தோடு இணைக்கும் திறன் ஒரு மொழியில் வந்துவிட்டால் மறு மொழிக்கும் கை கொடுக்கும்.

ஆங்கிலத்துக்கு இந்த வயதில் பாடல், பேச்சு, பொருள்களின் பெயர் போதும். ஆங்கிலத்தில் எழுத்து 26 இருந்தாலும் ஓசைகள் ஏறத்தாழ 44 உண்டு. தாய்மொழியில் ஓசை பிரிக்கத் தெரிந்த பிள்ளைதான் அதைச் சமாளிக்கும். வீட்டில் உருது பேசும் வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓசை விளையாட்டையும் கதையையும் உருதுவிலேயே தொடங்குவது நல்லது.

பென்சில் எப்போது?

எழுதுவதற்கு முன் விரல் பலப்பட வேண்டும். பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது, கொடியில் கிளிப் மாட்டுவது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் எழுத்துப் பயிற்சிதான். பிறகு மணல், சிலேட்டு, தடித்த கிரையான். கோடு போட்ட நோட்டு ஐந்து வயதுக்கு மேல். விரல் வலியோடு எழுதும் பிள்ளை முதலில் வெறுப்பது பென்சிலை, பிறகு புத்தகத்தை.

பெற்றோரோடு பேசி முடிக்க வேண்டியவை

கட்டணம் வாங்குவதில் வெட்கப்பட வேண்டியதில்லை. வாடகை, மின்சாரம், உதவியாளர் சம்பளம், பொருள்கள், உங்கள் உழைப்பு ஆகியவற்றைக் கூட்டி, பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சொந்தம் என்பதற்காக ஒருவருக்கு ஒரு தொகை, மற்றவருக்கு ஒரு தொகை என்று வைத்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். வசதியற்ற பிள்ளைக்கு ஓர் இடம் ஒதுக்கி, அதற்கு வசதி உள்ள ஒருவரைப் பொறுப்பேற்கச் செய்யலாம். யாருக்கு என்பது வெளியே தெரிய வேண்டாம்.

பேசியதை எழுதி வையுங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். நேரம், விடுமுறை, கட்டணத் தேதி, இடையில் நின்றால் என்ன, காய்ச்சல் உள்ள நாளில் அனுப்பக் கூடாது, அவசரத்துக்கு யாருடைய போன் எண் என எல்லாம் ஒரு தாளில் இருந்து இருவரும் கையெழுத்திட்டால் பிற்பாடு பேச்சு வராது.

'மூன்று மாதத்தில் வாசிக்க வைத்துவிடுவோம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டாம். மாதம் ஒரு முறை, பிள்ளை எதைச் செய்கிறது என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். ஐந்தரை வயதில் பள்ளியை விட்டுப் போகும்போது, சொல்லைக் கேட்டு ஓசை பிரிக்கவும், தன் பெயரையும் ஐம்பது அறுபது எளிய சொற்களையும் வாசிக்கவும், கேட்ட கதையைத் தன் சொல்லில் சொல்லவும், புத்தகத்தைத் தானாக எடுத்துப் புரட்டவும் செய்தால் உங்கள் பணி நிறைவேறிவிட்டது.

எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் இதை அடையாது. ஆனால் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத பிள்ளை, மூன்று வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, யாரோடும் கண் பார்க்காத பிள்ளை இருந்தால் காத்திருக்க வேண்டாம். தாயை மட்டும் தனியே அழைத்து மென்மையாகச் சொல்லுங்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் மையங்கள் இயங்குகின்றன. 'அவங்க அத்தாவும் லேட்டாத்தான் பேசினாங்க' என்ற ஆறுதலில் இரண்டு வருடம் போய்விட்டால், அந்த இழப்பு பிள்ளைக்குத்தான்.

தொடங்க நினைப்பவர்கள் இந்த வாரமே செய்யக் கூடியது ஒன்று உண்டு. சேர்க்கை, பலகை, கட்டணம் எல்லாம் பிறகு. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றையும், அடுத்த வீட்டுப் பிள்ளை இரண்டையும் உட்கார வைத்து, ஓசைப் பை ஒன்றைத் தைத்து, பத்து நாள் விளையாடிப் பாருங்கள். பதினோராம் நாள் காலையில் அந்தப் பிள்ளைகள் தாமாகவே உங்கள் வாசலில் வந்து நின்றால், உங்களால் இதை நடத்த முடியும் என்று பொருள். அல்லாஹ் உங்கள் முயற்சியில் பரக்கத் செய்வானாக.